குன்னத்திலிருந்து நோவோசிபிர்ஸ்க் வரை

இன்று காலை வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தூறல் விழுந்தது. வாசலில் காயப் போட்டிருந்த மக்காச்சோளத்தை மூட அம்மா கொட்டகையிலிருந்து ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரை இழுத்து வந்தாள். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறினோம். பின்பக்கம் மேலே வந்து விழுந்தது. வெளுத்த பரப்பில் நீல மார்க்கரால் போட்ட வளைந்த கோடு, வோல்கா. அதன் ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. பக்கத்தில் உன்னுடைய சாய்ந்த எழுத்தில், "கசான்".

"சோளம் நனையுது, அங்க என்னடி பராக்கு பாத்துக்கிட்டு?" என்று அம்மா கத்தினாள். நான் ரஷ்யாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பக்கத்தில் உன் அக்கா மகளின் காதணி விழா. கல்லூரி செமினாருக்கு ரஷ்ய வரைபடம் வேண்டும் என்றதும், "பேனருக்குப் பின்னாடி சும்மாதானடி கெடக்கு" என்று நீதான் தூக்கிக்கொண்டு வந்தாய். செமினார் முடிந்ததும் நான் சுருட்டி வீட்டுக்கு எடுத்து வந்தேன். அம்மாவுக்கு அது தார்ப்பாய் ஆகிவிட்டது. எங்கள் சோளமும் வெங்காயமும் எத்தனையோ மழைக்கு ரஷ்யாவுக்கு அடியில் ஒதுங்கியிருக்கின்றன. நீ போன பிறகு நான் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நாளை பெரம்பலூரில் ஒரு மகளிர் கல்லூரியில் எனக்கு டெமோ வகுப்பு. வரலாற்றுத் துறைக்கு ஆள் எடுக்கிறார்கள். நிஜ மாணவிகளை உட்காரவைத்து, நிர்வாகத்தார் முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். முந்தைய டெமோவில் நடந்தது உனக்குத் தெரியும். முழுக்கக் கரும்பலகையைப் பார்த்தே நடத்தினேன். முடிந்ததும் அங்கிருந்த துறைத் தலைவர், "ஏம்மா, போர்டுக்கா பாடம் எடுத்த? எங்களுக்கு ஒன்னும் கேக்கலையே" என்றார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து இதைக் கேட்டு நீ சிரித்த சிரிப்புக்கு நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போனார்.

இதுதான் கடைசி என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஏறி இறங்கும் எடைமேடையில் மாமா எனக்கு ஒரு வேலை சொல்லி வைத்திருக்கிறார். கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர். லாரி வந்து நின்றதும் சீட்டு அடித்து ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். "வாயத் தொறந்தா காத்து மட்டுந்தான் வருது. இது வாத்தியாராவப் போவுதாம்" என்று அம்மாவிடம் சொன்னார், என் காதில் விழும்படியே. அந்த வேலையில் குறை ஒன்றும் இல்லை. என் பயம் வேறு. அங்கே நாள் முழுக்க யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்துப்போய்விடும். பிடித்துப்போனால் அந்தக் கூண்டிலிருந்து நான் வெளியே வரவே மாட்டேன். அதனால்தான் நாளைய வாய்ப்பை விடுவதாக இல்லை.

எந்தத் தலைப்பை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார்கள். ரஷ்யாவின் பெருநகரங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேறு எதை எழுதுவேன்?

அந்த ஊர்ப் பெயர்கள் உனக்கு வாயில் நுழையவில்லை, எனக்கு மனதில் நிற்கவில்லை. அப்போது நீ கண்டுபிடித்த வழிதான் பஸ். குன்னத்திலிருந்து அரியலூர் கல்லூரிக்கு நாம் போன காலை பஸ்ஸின் நிறுத்தங்களுக்கெல்லாம் ஒவ்வொரு நகரமாகப் பெயர் வைத்தாய். குன்னம், மாஸ்கோ. மரக்கோட்டையாகத் தொடங்கி, எரிந்து, எழுந்து, மறுபடியும் எரிந்து, கடைசியில் தலைநகராகவே நின்றுவிட்ட ஊர். "குன்னத்துல தாலுகா ஆபீஸ் இருக்குல்ல, அப்ப அதான் தலைநகரம்" என்றாய். சந்தை கூடும் நிறுத்தம், நீஷ்னி நோவ்கரத். இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் பெரிய சந்தையால் செழித்த நகரம். பள்ளிவாசல் நிறுத்தம், கசான். தாத்தார் இனத்தவரிடமிருந்து ரஷ்ய மன்னர் படையெடுத்துப் பிடித்தது. இன்றைக்கும் அதன் கோட்டைக்குள் மசூதியும் தேவாலயமும் அருகருகே நிற்கின்றன. சுரங்கத்தையொட்டி பஸ் திரும்பும் வளைவு, யெகாத்தரின்பர்க். மலையைத் தோண்டி இரும்பு உருக்குவதற்காகவே கட்டிய ஊர். அப்புறம் ரயில்வே கேட். கேட்டைத் தாண்டினால் அரியலூர். ரயிலால் பிறந்த நகரத்தை ரயில் நிற்கும் ஊருக்குத்தான் வைக்க வேண்டும் என்று அதற்கு நோவோசிபிர்ஸ்க்.

ஒரு மாதத்தில் பஸ் முழுக்கத் தெரிந்துபோனது. கண்டக்டர் அண்ணன், "கசான் எறங்குறவங்கல்லாம் வாசலுக்கு வாங்க. மாஸ்கோ பாஸு வச்சிருக்குறவங்க உள்ள போங்க, வழிய மறிக்காதீங்க" என்று கத்துவார். வெங்காய மூட்டையோடு ஏறும் அக்கா ஒருநாள் உன்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்த ஊருல வெங்காயம் என்ன வெல போவுதாம்?"

"அங்க பனி பேஞ்சு ஒன்னும் வெளையாதுக்கா. நீங்க போயி எறக்கினா அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க."

"அப்பன்னா நாளைக்கே ஏத்தி உடு. எங்கூட்டுக்காரரையும் சேத்து ஏத்தி உடு, அங்கயே இருக்கட்டும்."

பஸ்ஸே சிரித்தது. நான் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். "கைய எடுத்துட்டு சிரிடி, பல்லு ஒன்னும் கொட்டிடாது" என்று என் கையைத் தட்டிவிட்டாய்.

உன் ஊர் குன்னத்துக்கு மேற்கே. அதனால் நீ தினமும் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வருகிறவள். சதுப்பு நிலத்தில் மரத்தூண்களை இறக்கி எழுப்பிய நகரம், இருநூறு வருடத் தலைநகரம், பெத்ரோகிராத் ஆகி, லெனின்கிராத் ஆகி, மறுபடி பழைய பெயருக்கே திரும்பிய நகரம். போரில் எதிரிகள் சுற்றி வளைத்து, ஊரே பட்டினி கிடந்த நாட்களைப் பற்றி நாம் நூலகத்தில் படித்தோம். அறிவிப்பு எதுவும் இல்லாத நேரத்தில் வானொலியில் மெட்ரோனோம் என்ற தாளக் கருவியின் டிக் டிக் ஓசையை விடாமல் ஒலிபரப்புவார்களாம். அது கேட்கும்வரை நகரம் உயிரோடு இருக்கிறது என்று மக்கள் தெரிந்துகொள்வார்களாம்.

மறுநாள் கேட் போட்டிருந்தார்கள். டிரைவர் இன்ஜினை அணைத்தார். அந்த அமைதியில் நீ என் தலையை உன் தோள்பக்கம் இழுத்தாய். பள்ளியில் படிக்கும்போதே உன் இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அது சத்தம் போடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கேக்குதா?"

"ம்."

"லெனின்கிராத் ரேடியோ. ஊரு இன்னும் இருக்குன்னு அர்த்தம்."

செமினாரில் நீ பேசுவதாகவும் நான் பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகவும் ஏற்பாடு. முகத்தை மறைத்துக்கொள்ள எனக்கு அது வசதி. மின்விசிறிக் காற்றில் பேனர் புரண்டு, மாஸ்கோ இருந்த இடத்தில் உன் அக்கா மகள் மொட்டைத் தலையோடு எட்டிப் பார்த்தபோது வகுப்பு கைதட்டியது. நீ அசரவில்லை. கசான் வரைக்கும் நன்றாகப் போனாய். அங்கே உன் மூச்சு நின்று நின்று வந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் பேனரைப் போட்டுவிட்டு உன்னிடம் வரப் பார்த்தேன். "வண்டிய நிறுத்தாத. ஓட்டு" என்று சொன்னாய், பாதிக் குரலில்.

ஓட்டினேன். பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பழகியது அப்படியே வந்தது. யெகாத்தரின்பர்க்கின் இரும்பைச் சொன்னேன், கடைசி மன்னரின் குடும்பம் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டதைச் சொன்னேன். அதே வேகத்தில், "யெகாத்தரின்பர்க்கைத் தாண்டியதும் கேட் போட்டிருப்பார்கள்" என்றும் சொல்லிவிட்டேன்.

"எந்த கேட்டும்மா?" என்றார் பேராசிரியர்.

வகுப்பு வெடித்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நீதான் அதிகமாகச் சிரித்தாய். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் ஓடவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. நோவோசிபிர்ஸ்கை நாம் சொல்லவே இல்லை. இரண்டு பேருக்கும் மிகவும் பிடித்த ஊர் அதுதான்.

"உடு, இன்னொரு நாள் சொல்லிக்கலாம்" என்றாய்.

அந்த இன்னொரு நாளுக்குள் என்னென்னவோ ஆகிவிட்டது. வால்வில் மறுபடி கோளாறு என்றார்கள். உன் அம்மா வேண்டிக்கொண்டு கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குக் காணிக்கையாக சோளமும் கம்புமாகக் கொண்டுபோய்க் கொட்டினார். திருச்சி ஆஸ்பத்திரியில் நீ ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாகப் பேசினாய். "மூச்சு வாங்கிட்டு அப்புறம் பேசேன்டி" என்று நான் சொன்னதற்கு, "மூச்சு சரியானப்புறந்தான் பேசணும்னா, நான் எப்பத்தான்டி பேசறது?" என்றாய். போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு மத்தியானத்தில், உன் அக்கா போன் செய்தார்.

இந்த இடத்தில் பேனாவை வைக்கிறேன். நாளைக்கு வேண்டியதை எடுத்து வைக்க வேண்டும். வந்து எழுதுகிறேன்.

*

போய் வந்துவிட்டேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். பெரிய அறை. மாணவிகள் நிறைய. முன்வரிசையில் முதல்வர் மேடமும் துறைத் தலைவரும். கரும்பலகையில் வோல்காவை வரைந்தபோது கோடு நடுங்கியது. ஆறு என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது. திரும்பி நின்றேன். நடுக்கம் நின்றபிறகு பேசலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நீ துண்டு துண்டாகப் பேசியது நினைவுக்கு வந்தது. நடுங்கிக்கொண்டே ஆரம்பித்தேன். "மாஸ்கோ" என்றேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண் காதருகே கையை வைத்து, "மிஸ், கேக்கல" என்றாள். இன்னொரு முறை சொன்னேன். அது அவள்வரைக்கும் போனது. அதற்கு மேல் அவளைப் பார்த்தே பேசினேன். முற்றுகை, சந்தை, கோட்டை, இரும்பு என்று ஒவ்வொரு ஊரையும் அந்தக் கடைசி பெஞ்சில் கொண்டுபோய் இறக்கினேன். கேட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நீ கேட்பாய் என்று சொல்கிறேன்.

யெகாத்தரின்பர்க் முடிந்தபோது மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போதும்மா. டைம் ஆச்சு."

சாக்பீஸை வைத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். எல்லோரும் அப்படித்தான் இறங்கியிருப்பார்கள்.

"இன்னும் ஒரு ஊர் இருக்குங்க மேடம்."

"அதான் டைம் ஆச்சுன்றேனே."

"தெரியுதுங்க மேடம். இத சொல்லாம பாடம் முடியாதுங்க."

என் வாயிலிருந்துதான் வந்தது. துறைத் தலைவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். "சீக்கிரம் சொல்லு" என்றார்.

ஓப் என்ற பெரிய ஆற்றின்மேல் ரயில் பாலம் கட்ட வேண்டியிருந்தது என்று சொன்னேன். அதைக் கட்டக் கூலியாட்கள் வந்தார்கள். கரையில் குடிசை போட்டார்கள். சேறு, குளிர், கொசு. அங்கே அதற்கு முன் கோட்டை இல்லை, அரண்மனை இல்லை, பெயர் சொல்லும்படி ஒரு பரம்பரை இல்லை. பாலம் முடிந்தபிறகும் அவர்கள் திரும்பிப் போகவில்லை. எழுபது வருடத்துக்குள் அங்கே பத்து லட்சம் பேர் இருந்தார்கள். மாஸ்கோவுக்கு எண்ணூறு வருடங்களுக்கும் மேலான கதை இருக்கிறது. பீட்டர்ஸ்பர்க்கை ஒரு மன்னர் கட்டினார். ரஷ்யாவின் மூன்றாவது பெரிய நகரமான நோவோசிபிர்ஸ்கைக் கட்டியது வேலைக்கு வந்தவர்கள். "நம்மில் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் இந்த ஊரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அந்த வரியை நான் எழுதிவைத்திருக்கவில்லை. பாதி வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

மேடம் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "சொல்லி அனுப்புறோம்" என்றார். கோபமா, இல்லையா, தெரியாது. வேலை கிடைக்குமா என்பதும் இதை எழுதும்வரை தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது மாமா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்னாச்சு? இன்னிக்காவது யாருக்காச்சும் கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு மாமா. எடைமேடைக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடுங்க."

"அவங்க எடுக்கலைன்னா?"

"அடுத்த காலேஜுக்குப் போவேன். அங்க எடுக்கலைன்னா அதுக்கு அடுத்தது."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "ஏண்டி, பெரியவங்ககிட்ட இப்புடியா கத்துவ? தெருமுன வரைக்கும் கேக்குது!"

நான் கத்தவில்லை. உனக்குத் தெரியும். கடைசி பெஞ்ச் வரைக்கும் போகிற குரல் அது. வகுப்பிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். கூடவே வந்துவிட்டது. இனி எங்கேயும் விட்டுவிட்டு வருவதாக இல்லை.