அக்காவின் அளவில் ஒரு கவசம்

வெள்ளிக்கிழமை இரவு, வெள்ளவத்தை

கணினி விளையாட்டு ஒன்றுக்காக, பழைய சீனப் பாணியில் ஒரு வீராங்கனையின் கவசத்தை வரைந்துகொண்டிருக்கிறேன். மார்பைத் தூக்கிக் காட்டும்படி விளையாட்டை உருவாக்கும் நிறுவனம் கேட்டது. அப்படியே வரைந்திருந்தேன். இன்று பின்னேரம் அக்கா எட்டிப் பார்த்தாள்.

“என்னடி இது? இதைப் போட்டுக்கொண்டு அவ சண்டைக்குப் போறாவோ, கலியாண வீட்டுக்குப் போறாவோ?”

புற்றுநோயால் ஒரு மார்பை எடுத்த பிறகு அக்கா கண்ணாடி பார்ப்பதே இல்லை. படத்தை அழித்துவிட்டு, அந்தக் காலத்துச் சீனப் படைவீரர்களுடையதைப் போலச் சிறு தகடுகளைக் கோத்து, நெஞ்சைத் தட்டையாக மூடி வரைந்தேன். சரிவருமா என்று பார்க்க, பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டிச் சிவப்பு நூலால் கட்டி அக்காவுக்கே போட்டுவிட்டேன்.

“கையைத் தூக்குங்கோ அக்கா.”

“மெல்லத்தான் தூக்குவன். நோகும்.”

தூக்கினாள். பிறகு தானாகவே அறைக்குள் போய் நிலைக்கண்ணாடியின் முன் நின்றாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“ஆள் பரவாயில்லை, என்ன?”

“ஓம் அக்கா.”

புதுப் படத்தை அனுப்பிவிட்டேன். நிறுவனம் என்ன சொல்லுமோ, இந்த வேலை போனால்... அக்காவோ கழற்றச் சொன்னால் கேட்கிறாளில்லை. கவசத்தோடேயே குசினியில் நின்று எனக்குத் தேநீர் ஊற்றுகிறாள்.