அமர்ந்திருந்த காவலர் பொருட்டுக் கற்றுறைக் கோட்டைக்குச் சென்ற ஓலை

நலம் பெருகுக. மழை தவறாத பொழில்நாட்டை ஆளும், ஆழிமுத்திரையுடைய இளம்பூதனார் திருவாய்மொழிப்படி, முதலமைச்சர் நக்கண்ணனார் கற்றுறைக் கோட்டைத் தண்டநாயகர் வாணராயருக்கு எழுதுவித்த ஓலை. உமது கொத்தளங்கள் உறுதியாய் நிற்க. உமது துறையில் மரக்கலங்கள் சேதமின்றிக் கரை சேர்க. உமது மனையில் அனைவரும் நோயின்றி வாழ்க.

உமது முறையீடு வந்து சேர்ந்தது. கள்வரைப் பிடிப்பதற்கென்றே பொறுக்கியெடுத்த காவலர் நாற்பதின்மரையும் பயிற்சி ஆசான் சாத்தன் கெடுத்துவிட்டான் என்றும், விடியலில் கோட்டையைப் பத்துச் சுற்று ஓடிவந்தவர்களை இப்போது ஆறே முறை மதில் தாவச் செய்து, ஒவ்வொரு தாவலுக்கும் இடையே நிழலில் உட்கார வைக்கிறான் என்றும், அரசர் சோற்றைத் தின்று கொழுக்கும் இந்தக் கூட்டம் இனி எதற்கு என்றும் எழுதியிருந்தீர். ஊழிய அடையாளமான அவனது இடைக்கச்சையை அவிழ்த்து வாங்கிக்கொண்டதாகவும் எழுதி, அவனை ஊழியத்திலிருந்து நீக்க இசைவும் கேட்டீர். கோபத்தில் உமது எழுத்தாணி ஓலையை இரண்டு இடத்தில் கிழித்திருந்தது.

விசாரணைக்காகச் சாத்தனும் அவனுடைய காவலர் இருவரும் மூன்று நாள் நடந்து தலைநகர் வந்தார்கள். பதினெட்டு ஆண்டு ஊழியம் செய்தவன், கச்சையில்லாத இடுப்பை மேலாடையால் மறைத்துக்கொண்டு சபைக்குள் நுழைந்தான். அவமானம் அவனைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவன் வாய் திறந்து முதலில் கேட்டது தனக்காக அன்று. நடந்து களைத்த தன் ஆட்கள் இருவரும் உட்காரலாமா என்று கேட்டான். அரசர் முன் காவலன் அமர்வதா! இதை எழுதுவிக்கும் அமைச்சருக்கே பற்றிக்கொண்டு வந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாத மடையன் என்று மனத்துக்குள் வைதார். அரசர்தாம் சிரித்து, தாழ்வாரத்தில் அமரட்டும் என்றருளினார்.

ஏன் இந்த உட்காரல் என்று வினவியபோது, சாத்தன் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

“சாமி, கள்ளன் பத்துச் சுற்று ஓட மாட்டான். நாலு எட்டு வச்சு ஒரு தாவு தாவிப் போயிருவான். அந்த ஒரு தாவுக்குத்தான் ஆளைப் பழக்குறேன். மூச்சு அடங்காமத் தாவினா, தாவுறதைப் பழக மாட்டான், தடுமாறுறதைத்தான் பழகுவான்.”

சபை நகைத்தது. பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது, பலனைக் கண்டவர் யார் என்று சேனாபதி கேட்டார். சாத்தனிடம் சான்று ஏதுமில்லை. நீக்க ஓலைக்கு முத்திரையிட அரக்கும் உருகிவிட்டது.

அவ்வேளை, அடுத்த வழக்குக்காக நிறுத்தப்பட்டிருந்த முத்துக்கொள்ளையன் ஒருவன், பிடித்திருந்தவனை உதறித் தள்ளிவிட்டுத் தோட்டத்து மதிலை நோக்கிப் பாய்ந்தான். அரண்மனைக் காவலர் எண்மர் அருகிலேயே இருந்தனர். விடியலில் பத்துச் சுற்று ஓடி, உச்சிவரை ஈட்டியோடு நின்ற கால்கள். முதல் அடி எடுத்து வைக்கவே திணறின. கொள்ளையன் மதில்மேல் ஒரு காலைப் போட்டுவிட்டான். தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த இருவரும் எப்போது எழுந்தார்கள் என்பதை எவரும் காணவில்லை. ஒருவன் ஆள் உயர மதிலைத் தாவி அப்புறம் இறங்கி வழிமறித்ததையும், மற்றவன் கொள்ளையனின் கணுக்காலைப் பற்றி இழுத்ததையுமே கண்டோம்.

சாத்தன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மூன்று நாள் நடையின் களைப்பு அவர்களுக்குத் தீர்ந்திருக்குமோ தீர்ந்திராதோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். பிடிபட்டான் என்று குரல் எழுந்ததும் சிறுபிள்ளை போல் அழுதுவிட்டான். அமைச்சருக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்?

ஆகவே அரசர் ஆணை இது. இன்று முதல் சாத்தனார் ஏழு கோட்டைக் காவற்படைக்கும் பயிற்சித் தலைவர். அவரது கச்சையை உமது கையாலேயே கட்டிவிடுவீர். தலைநகரத்து எண்மரும் அடுத்த திங்கள் அவரிடம் பழக வருவர். ஆறு திங்களில் தேறிவிடுவர் என்று அரசர் மனமார நம்புகிறார். உம்மீது குற்றம் சாட்டவில்லை. அன்று சபையில் நகைத்தவர்களில் நாங்களும் உண்டு.

பங்குனித் திங்கள் பத்தாம் நாள் ஆழிமுத்திரை இட்டோம். இதிற்கண்டபடி நடத்துக.

இன்னும் ஒன்று. இவ்வோலையை உம் கையில் கொடுத்தவர் சாத்தனாரே. மூன்று நாள் நடந்து வந்திருக்கிறார். நீர் படித்து முடிக்கும் இந்நேரம்வரை உம் எதிரே நின்றுகொண்டுதான் இருப்பார். முதலில் அவரை உட்காரச் சொல்லும்.