முதல் மனுத் தேதியிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே பணம் வந்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீ பதறாமல் மீதியைப் படிப்பாய். முதல் மனு கொடுத்த தேதியிலிருந்து இன்றுவரை என் வீட்டுக்காரருக்குச் சேர வேண்டிய ஊனமுற்றோர் உதவித்தொகை, இருபது மாத நிலுவை, மொத்தமாக பாங்கில் ஏறிவிட்டது. வாடகை பாக்கியைத் தீர்த்தேன். உன்னிடம் வாங்கியதை அடுத்த வாரம் அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் எது பேசினாலும் அவர் காதில் விழும். அதனால் தையல் கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில், காஜா மெஷின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன்.

முதல் மனு ஏன் தள்ளுபடியானது என்று உன்னிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. ஆபீஸில் ஏதோ தப்பு என்று புளுகினேன். பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் விழுந்த மூன்றாவது மாதம் அது. வீட்டுக்கு வந்த அதிகாரி, தானாகக் குளிப்பீர்களா, தானாக உடுத்துவீர்களா என்று கேட்டிருக்கிறார். பதினெட்டு வருடம் பஸ் ஓட்டின மனுஷன், "எல்லாம் நானே பாத்துப்பேன் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்றாராம். நான் வேலைக்குப் போயிருந்தேன். அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மேல்முறையீடு செய்து ஜெயித்தால் முதல் தேதியிலிருந்தே நிலுவை கிடைக்கும் என்று சொன்னவள், இலவச உதவி மையத்துப் பெண். நான் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ஃபைல்காரி. முப்பது வயதுகூட இருக்காது. நல்லவள். அதுதான் எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் மனதுக்குள் திட்டித் தீர்த்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் வருவாள். அன்றைக்கு மட்டும் இவர் நீலச் சட்டை கேட்பார். பொத்தான் போடுவது நான். போட்டு முடிக்கும்வரை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். வாசலில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அதே முகத்தில் பல்பு எரியும்.

என்னிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. தண்ணி. போதும். வலிக்குது. லைட்டை அணை. அவளிடம், மலைப்பாதையில் பிரேக் போன கதை! நாற்பது பயணிகளோடு வண்டியை ஒரு மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினாராம். பதினாறு வருடம் குடும்பம் நடத்திய எனக்குத் தெரியாத கதை, அக்கா. அடுப்படியில் நின்றபடி கேட்டேன். அவருக்கு வாய் குழறியபோதெல்லாம் அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். எனக்கு அப்படி உட்கார நேரம் ஏது?

அவளிடமும் அவர் அதே பாட்டுதான். தானே குளிக்கிறாராம், தானே உடுத்துகிறாராம். அவள் என்னைப் பார்த்தாள். நான் பாத்திரத்தைப் பார்த்தேன். போகும்போது மாடிப்படியில் என்னை நிறுத்தி, "விசாரணைல சார் இப்படியே சொன்னா கேஸ் போயிடும்க்கா. நீங்கதான் உள்ளதைச் சொல்லணும்" என்றாள்.

விசாரணை அறை சின்னது. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். முன்னால் இவரும் ஃபைல்காரியும். சுவரோரம் நான். இவர் எதிர்பார்த்தபடியே, எல்லாம் நானே செய்கிறேன் என்றார். நடுவில் இருந்த அம்மா என்னைக் கேட்டார். குளிப்பாட்டுகிறேன், உடுத்திவிடுகிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவ்வளவே போதும் என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஃபைல்காரி தண்ணீர் கிளாஸை அவருடைய இடது கைப் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவர் சிரித்தார். கோணல் சிரிப்புதான், ஆனாலும் சிரிப்பு. வீட்டில் அதைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது.

அதற்குப் பிறகு என் வாய் நிற்கவில்லை. கழிவறையில் யார் கழுவிவிடுவது என்று சொன்னேன். வாரத்துக்கு எத்தனை முறை படுக்கை விரிப்பை மாற்றுகிறேன் என்று சொன்னேன். ஒருநாள் ஈரத்தரையில் விழுந்து, நான் வேலை முடிந்து வரும்வரை எழ முடியாமல் கிடந்ததையும், என்னைக் கண்டதும் குழந்தை மாதிரி அழுததையும் சொன்னேன். கேட்டது மேஜைக்காரர்கள், நான் சொன்னது அவளைப் பார்த்து. இவர் தலை குனிந்தபடி தொடையில் இருந்த வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார்.

அவள் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "ரொம்ப தைரியமா சொன்னீங்கக்கா" என்றாள். தைரியமாம்.

தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தது. அதன் நகலோடு போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். இவர் தூங்குவது போலப் படுத்திருந்தார். அவள் தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். இனி அவள் வர வேண்டிய வேலை இல்லை. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது.

இப்போது அந்த நாலு வார்த்தையும் இல்லை. குளிக்க என்னை விடுவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றைக் கையோடு போராடுகிறார். சோப்பு நழுவி விழும் சத்தம் கேட்கும். உள்ளே போக எனக்குக் கால் வராது.

மறைக்க மாட்டேன் அக்கா, இன்னமும் எனக்கு அவள் மேல் பொறாமைதான். அவளுக்கு ஒரு பஸ் டிரைவர் கிடைத்தார். எனக்கு ஒரு நோயாளி.

ஒன்று கேட்கிறேன், தட்டாதே. ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குப் போன் செய். உடம்பைப் பற்றிக் கேட்காதே. பணத்தையும் பேசாதே. ஓட்டின வண்டி, போன பாதை, ஏறின சனங்கள், எதையாவது கேள். குழறினால் நீ முடித்துவிடாதே, அவரே முடிக்கட்டும். கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். கதவைச் சாத்தாமல் போவேன்.

உன் வீட்டில் எப்போதும் பேச்சுச் சத்தம் இருக்கட்டும்.

உன் தங்கை