தற்காலிக இணைப்பு

உங்கள் நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டு ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். அதில் மாகாண சபையில் எழுந்து நின்று பேசுகிறீர்கள். வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளைகளை எழுப்பும் அதே சுட்டுவிரல். மலருக்கு எழுத வரவில்லை. உங்களுக்கே எழுதுகிறேன்.

ரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்க ஆளில்லையே என்று அன்று சபையில் கேட்டீர்கள். நம் பள்ளிக்கூடத்தில் என்னோடு சோக்கட்டி பிடித்துப் படிப்பித்த நீங்களே கேட்கிறீர்கள் என்று எல்லோருக்கும் பெருமை. நம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணித டீச்சரும் வந்தார்.

சில மாதங்களில் அவருக்கு மாத்தளை டவுன் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது. கைக்குழந்தைக்காரி, மலைக்கு ஒரே பஸ். அவர் மாமனார் உங்கள் தேர்தலுக்கு அலைந்தவர். உங்கள் கடிதங்களை எழுதுவது நான்தானே, என்னைக் கூப்பிட்டீர்கள்.

“இடமாற்றம்னு போடாதீங்க சேர். தற்காலிக இணைப்புன்னு போடுங்க. மூணு மாசம்தானே,” என்றீர்கள்.

இடமாற்றம் என்றால் வெற்றிடம் விழும், வேறு ஆள் கேட்கலாம். இணைப்பு என்றால் ஆள் டவுனில், பெயர் நம் பள்ளிக்கூடத்தில். பஸ் சீட்டில் இடம்பிடிக்கக் கைலேஞ்சியைப் போட்டுவிட்டு இறங்கிப் போன மாதிரி. அவரும் உட்காரமாட்டார், மற்றவரையும் உட்கார விடமாட்டார். இது நம் இருவருக்கும் தெரியும். தெரிந்தே எழுதினேன்.

மூன்று மாதம் நாலு வருஷமானது. தமிழ் வாத்தியார் நான், விடைப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அட்சரகணிதம் படிப்பித்தேன். டீச்சரைத் திருப்பி அனுப்பக் கேட்கும்போதெல்லாம் பார்ப்போம் என்றீர்கள். கடைசியாக உங்கள் வீட்டு வாசலில் குரலை உயர்த்திவிட்டேன்.

“பிள்ளைங்க வரிசையா ஃபெயிலாகுறாங்க சேர்.”

“அந்தப் பொம்பளை பாவமில்லையா?” என்றீர்கள்.

பிறகு உங்கள் சாவுக்குத்தான் வந்தேன். இலவசக் கல்வியின் காவலர் என்று பேசினார்கள். பொய்யில்லை. கூரை, தண்ணீர், ஆய்வுகூடம் எல்லாம் நீங்கள் கொண்டுவந்தவை. அதனால்தான் இன்னும் கசக்கிறது.

போன வாரம் பலாபத்வலயில் ஒரு கடையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்த பெண் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். அந்த நாலு வருஷத்தில் சாதாரண தரப் பரீட்சை எழுதியவள். நர்ஸாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள்.

“கணக்கு மட்டுந்தான் சேர் விட்டுட்டேன். நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு சொல்லிக் குடுத்தீங்க. மன்னிச்சுக்கங்க சேர்.”

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். பக்கத்தில் நீங்களும் நின்று அதைக் கேட்டிருக்க வேண்டும்.

பரவாயில்லம்மா என்றேன். அந்தக் கடிதத்தை எழுதியது என் கை என்று சொல்ல வாய் வரவில்லை.