வெளித்தூணில் கட்டிய கயிறு

ஹேசல்டன், செஷயர்
4 பிப்ரவரி 2001

அன்புள்ள தம்பி ஏமஸுக்கு,

நான் நலம். நீயும் நலமென்று நானாக நினைத்துக்கொள்கிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையில் வெறும் கையெழுத்தைப் போட்டு அனுப்புகிறவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது.

நம் படகு லிஃப்ட் மறுபடி ஓடப்போகிறது. இருபது வருடம் துருப்பிடித்து நின்ற தூண்களுக்கு வர்ணம் அடித்துவிட்டார்கள். ஈஸ்டருக்குப் பிறகு திறப்பு. ஆற்றங்கரையில் ஒரு காட்சிக்கூடமும் கட்டியிருக்கிறோம். சனிக்கிழமைகளில் நான்தான் வழிகாட்டி. இரண்டு பெரிய தொட்டிகள், ஒன்று ஏற மற்றது இறங்கும், படகு தண்ணீரில் மிதந்தபடியே ஐம்பதடி மேலே கால்வாய்க்குப் போகும் என்று இப்போதே வீட்டில் நின்று சொல்லிப் பார்க்கிறேன். பூனை எழுந்து போய்விடுகிறது.

அப்பாவுக்கும் ஒரு பலகை வைக்கிறோம். வாசகம் நான் எழுதியது. கால்வாயில் தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை விடும் மதகுகளில், கரைத் தூணில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொடுப்பது படகுக்காரர் வழக்கம். லிஃப்டில் தொட்டியே இறங்கும், ஆகவே கயிற்றைத் தொட்டி விளிம்பில்தான் கட்ட வேண்டும். 1961இல் சைலஸ் டோலர் மதகுப் பழக்கத்தில் தொட்டிக்கு வெளியே அசையாமல் நிற்கும் வெளித்தூணில் கட்டினார், கயிறு அறுந்து உயிரிழந்தார் என்று எழுதியிருக்கிறேன்.

தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத மனிதர். அந்தப் பெயர் பெரிய எழுத்தில் நிற்பதைப் பார்க்க நீ வர வேண்டும். படகில் பிறந்த டோலர்களில் நாம் இரண்டு பேர்தான் பாக்கி.

உன் அக்கா,
தெர்சா


ஹல்
19 பிப்ரவரி 2001

அன்புள்ள அக்கா,

முழங்கால் வலியைத் தவிர நலம். அந்தப் பலகை வேண்டாம். அப்பா முப்பது வருடம் அந்த லிஃப்டில் ஏறி இறங்கியவர். அவர் பெயரை அந்தத் தப்போடு சேர்த்து ஊரார் பார்வைக்கு வைக்காதே. படகை இழுத்த குதிரைகளைப் பற்றி எழுது, உப்பு ஏற்றியதைப் பற்றி எழுது.

நான் வருவது சிரமம்.

ஏமஸ்


ஹேசல்டன்
27 பிப்ரவரி 2001

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று ரயில் மாறினால் வந்துவிடலாம். சிரமம் ரயிலில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நேற்றுக் குழுக் கூட்டத்துக்கு வால்ட்டர் வந்திருந்தார். அன்று இயந்திர அறையில் இருந்தவர், இப்போது எண்பத்தாறு வயது. “உங்க அப்பன் கெட்டிக்காரன்மா. அவன் போயி அந்தத் தூண்ல கட்டுவானா? எனக்கு இன்னிக்கும் மனசு ஒப்பல. ஆனா அறுந்த கயிறு அங்கதான் தொங்குச்சு” என்றார். கெட்டிக்காரருக்கும் ஒரு நாள் கை தவறும், ஏமஸ். அதைச் சொல்லாமல் வெறும் தூணையும் தொட்டியையும் காட்டினால் அது பழைய இரும்புக்கடை.

நான் அன்று ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். படகில் அப்பாவோடு நீதான் இருந்தாய். பார்த்ததைச் சொல். ஒலிநாடாவில் பதிந்து கூடத்தில் வைக்கிறோம்.

உன் அக்கா,
தெர்சா


ஹல்
11 மார்ச் 2001

அன்புள்ள அக்கா,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கயிற்றைக் கட்டியது நான். அந்த வாரம் முழுவதும் மதகு மதகாக வந்துகொண்டிருந்தோம். கை தானாக வெளித்தூணுக்குப் போய்விட்டது. தொட்டி இறங்கத் தொடங்கியதும் கயிறு விறைத்தது, படகு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அப்பா படகு அறையின் கூரைமேல் ஓடி வந்தார். “விடுறா கைய, அந்தாண்ட போடா” என்று என்னைத் தள்ளிவிட்டு, அவிழ்க்க அவர் கயிற்றைப் பிடித்தார். அறுந்த கயிறு அவரை அடித்துக் கீழே தள்ளியது.

விசாரிக்க வந்தவர்கள், “யாருப்பா கட்டினது?” என்று கேட்டார்கள். “அப்பா” என்றேன். அந்த ஒரு சொல்லைத் திருப்பி எடுக்க எனக்கு நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

பலகையில் என் பெயரைப் போடு. நான் வருகிறேன், ஒலிநாடாவில் எல்லாவற்றையும் சொல்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

ஏமஸ்


ஹேசல்டன்
2 ஏப்ரல் 2001

ஏமஸுக்கு,

பலகையை மாற்றிவிட்டேன். மகனைத் தள்ளிவிட்டு, இழுபடும் கயிற்றைப் பிடித்தவர் சைலஸ் டோலர் என்று இருக்கிறது. உன் பெயர் இல்லை. பதினாறு வயதில் கை தவறியதற்கும், பயத்தில் பொய் சொன்னதற்கும் உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அம்மா சாகக் கிடந்தபோது நாம் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தோம். “குடிச்சிட்டுத்தான் கட்டியிருப்பான். படகுல புள்ள இருக்கானேன்னு நெனைக்கல. அவன் பக்கத்துல என்னைப் பொதைக்காதீங்க” என்றாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு “சரிம்மா” என்றாய். உனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஆற்றோரக் கல்லறையில் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தும், அவளை நகரத்தில் தனியாகப் புதைத்தோம். இருபத்திரண்டு வருடம் அவரைத் திட்டிக்கொண்டே வாழ்ந்து, திட்டிக்கொண்டே போனாள். நானும் கூடவே திட்டினேன்.

திறப்பு விழாவுக்கு வராதே. ஒலிநாடாவும் வேண்டாம். அதைக் கேட்க வேண்டியவள் போய்விட்டாள்.

நேற்று ஒத்திகைக்குத் தொட்டியை முதல் முறையாக இறக்கினார்கள். படகில் நான் மட்டும் நின்றேன். கீழே போய்ச் சேரும்வரை அழுதேன்.

கோபம் ஆறினால் எழுதுகிறேன். கடிதம் வராவிட்டால் ஆறவில்லை என்று வைத்துக்கொள்.

தெர்சா