கழற்றி மாட்டும் கண்ணாடி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. மலைமேல் உன் வேலை முகாமில் போன் கிடைப்பதில்லை. அதனால் அங்கே சிமென்ட் ஏற்றி வரும் லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வாங்கியதும் படி, சட்டைப்பையில் போட்டு மறந்துவிடாதே.

பைக்கின் முன்னால் காற்றைத் தடுக்க மாட்டும் கண்ணாடி, நீ அனுப்பிய அந்த வின்ட்ஷீல்டு வந்ததிலிருந்து உன் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. போல்ட் போட்டு முடுக்குகிற வகையே போதும் என்று நான் அப்போதே சொன்னேன். "ஊருக்குள்ள எதுக்கு? கழட்டி வெச்சிடலாம், வெளியூர்னா டக்குனு மாட்டிக்கலாம்" என்று உன்னையும் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார். எருமைக்கு மூக்குக்கண்ணாடி போட்டாச்சா என்று பக்கத்து வீட்டு டைலர் நம் பழைய குரூசர் பைக்கைக் கேலி செய்கிறார்.

ஆனால் அளவு தப்பிவிட்டது. போன லீவில் நீ முன்பக்க ஃபோர்க் குழாயை அளந்தாயே, அதன்மேல் இருந்த வெள்ளிநிற இரும்பு உறையையும் சேர்த்து அளந்துவிட்டாய். துருப்பிடித்ததென்று அந்த உறையைப் போன மாதம் அத்தான் கழற்றிப் போட்டார். இப்போது குழாய் ஒல்லியாகி, கண்ணாடியைக் கவ்வும் கிளாம்பு பிடிக்காமல் வழுக்குகிறது. மாற்றி வாங்கலாம் என்றால், "மச்சான் ஆசையா அனுப்பினது, மனசு சங்கடப்படும்" என்கிறார். சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டிக் குழாயில் சுற்றி முடுக்கியிருக்கிறார்.

நேற்று கடைத்தெருவரை பின்னால் உட்கார்ந்து போனேன். வேகம் ஏற ஏறக் கண்ணாடி அவர் பக்கமே சாய்ந்தது. ஒரு கையால் அதைத் தள்ளிக்கொண்டு ஓட்டினார், சிரிப்பு வேறு. யாரைக் குற்றம் சொல்வது? அவர் மார்புச் சளிக்கு எதிர்காற்று ஆகாது, ஏதாவது செய்யடா என்று உன்னை நச்சரித்தவளே நான்தானே.

உனக்குக் காட்டுவதற்கென்றே நாளை மலைப்பாதையில் அங்கே வருகிறார். உன்னிடம் சொல்லக்கூடாதாம். நீ முகாம் வாசலிலேயே நின்று, முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்துக்கொள். "அளந்ததில் தப்பு என்னுடையது" என்று உன் வாயால் சொல். உன் பேச்சைத்தான் கேட்பார். திரும்பும்போது காற்று அடித்தால் அடிக்கட்டும்.

கடிதத்தை மடிக்கப் போகும்போது இதையும் எழுதுகிறேன். நாளைக்கு மழை என்று கேள்விப்பட்டு இன்றைக்கே கிளம்பிவிட்டாராம். டைலரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். வண்டிச் சத்தம் கேட்டு நான் ஓடிவருவதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார். வாசலில் ஒரு டியூப் கீற்று அவிழ்ந்து கிடக்கிறது. போன் அடித்துக்கொண்டே இருக்கிறேன், எடுக்கவில்லை.

லாரிக்கும் அதே பாதைதான். வழியெல்லாம் ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டே போங்கள் என்று சொல்லி இதைக் கொடுக்கிறேன். இது உன் கைக்கு வரும்போது அவர் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், தம்பி. இருந்தால், இதை உரக்கப் படித்துக் காட்டி, என் பங்குக்கும் சேர்த்து அவரை நன்றாகத் திட்டு.

உன் அக்கா