அடி மாறும் இடம்

இன்று காலை நேரு பிளேஸில் என் அலுவலக வாசலில் காவலாளிகள் அட்டைப்பெட்டிகளைக் கிழித்துப் போட்டுக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்கள். மூடுபனியில் புகை மேலே போக வழியில்லாமல் தரையோடு படர்ந்து கிடந்தது. அட்டையின் பசை கருகும் வாடை. லிஃப்டுக்குப் போக வேண்டியவள் அங்கேயே நின்றுவிட்டேன். "பைட்டியே மேடம்" என்று ஒருவர் ஒரு செங்கல்லை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை. உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. ஐந்து வருஷமாகத் தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது.

இதே மாதிரி ஒரு தீயில்தான் உன் பறையைக் காய்ச்சினோம். நான் அட்டை பொறுக்கிக்கொண்டு வருவேன். நீ குந்தி உட்கார்ந்து தோலைத் தீயின் பக்கம் திருப்பித் திருப்பிக் காட்டுவாய். நடுவில் விரலால் ஒரு சுண்டு சுண்டிக் காதை வைத்துக் கேட்பாய். "இன்னும் அழுவுதுடி, இன்னொரு அட்ட போடு" என்பாய். எனக்கு முதல் சுண்டுக்கும் கடைசிச் சுண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. தெரிந்த மாதிரி தலையாட்டுவேன்.

புசா ரோட்டுப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் நீ என் பக்கத்து இடத்துக்கு வந்தாய். நான் கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பிலிருந்து வருகிறவள். யாரோடும் அதிகம் பேசாமல் மேசைக்கடியில் கதைப்புத்தகம் படிக்கிறவள். நீ மதராசி கேம்ப், தமிழர்களின் குடிசைப் பகுதி. உன் அம்மா போகல் பகுதியில் நான்கு வீடுகளில் வேலை செய்தார். அவரை நான் ஆன்ட்டி என்று கூப்பிட்டபோது, "நா என்னா பங்களா வூட்டு மேடமா?" என்று சிரித்தார். அப்புறம் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பாலிகா பஜாரில் வாங்கிய ஹெவி மெட்டல் கேசட்டுகளை வீட்டுக்குத் தெரியாமல் வாக்மேனில் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. நான் கத்த முடியாததை யாரோ கத்துகிறார்கள் என்ற நிம்மதியைத் தவிர அதில் எனக்கு வேறொன்றும் புரிந்ததில்லை. ஒரு நாள் பஸ்ஸில் இயர்போனின் ஒரு பக்கத்தை உன் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டாய். "யாருடி இவனுங்க, மாரியம்மன் எறங்கின மாதிரி கத்தறானுங்க?" என்று கேட்டாய். பிறகு, "இவன் ரெண்டு காலாலயும் டிரம்ம மிதிக்கறான் பாரு, அத எங்கப்பா இருந்தப்ப ரெண்டு குச்சியிலயே குடுத்துருவாரு" என்றாய். முன் இருக்கையின் கம்பியில் விரல்களால் அடித்தும் காட்டினாய். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

உன் அப்பா கேம்ப்பின் சாவுகளுக்கும் அம்மன் திருவிழாவுக்கும் வாசித்தவர். நீ எட்டாவது படிக்கும்போது போய்விட்டார். அவருடைய பறை உங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. சின்ன வயதில் அதைக் காய்ச்சிக் கொடுப்பது உன் வேலை. வாசிப்பதைக் காதால் மட்டுமே பிடித்துக்கொண்டாய். அம்மா உன்னை அதைத் தொட விட்டதில்லை. "பொட்டப்புள்ள தோள்ல மாட்டுனா நம்ம சனம் என்னா பேசும்?" அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வேலைக்குப் போன பிறகு அதைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு லஜ்பத் நகருக்கு வருவாய்.

அங்கே மனீத்தின் மொட்டைமாடி அறை இருந்தது. மனீத் என்னோடு கல்லூரியில் படித்தவன். கிட்டார் இருந்தது, டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. நான் உன்னைச் சொன்னேன். நீ அப்போது ஓக்லாவில் ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாய். முதல் நாள் உன் வாசிப்பைக் கேட்டுவிட்டு, இது சுத்த மெட்டல் என்று அவன் இந்தியில் குதித்தான். மெட்டல் இல்லை அண்ணா, மாட்டுத்தோல் என்று நீயும் இந்தியிலேயே சொன்னாய். அவன் கிட்டாரின் தடித்த கம்பி லாரி மாதிரி உறுமும். உன் குச்சிகள் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். நான் தமிழில் நான்கு வரி எழுதிக் கொடுத்திருந்தேன். அதை மனீத் கத்தியதில் ஒரு சொல்கூட விளங்கவில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது.

பாட்டைப் பதிவு செய்ய அடித்தளத்தில் இருந்த ஒரு சின்ன ஸ்டூடியோவுக்குப் போனோம். அன்றும் இப்படித்தான் பனி. உள்ளே தீ மூட்ட முடியாது. நீ தெருவில் காவலாளிகளின் தீயில் காய்ச்சிக்கொண்டு படியிறங்கி ஓடி வருவாய். ஒரு முறை வாசிப்பதற்குள் தோல் தளர்ந்துவிடும். முதல் முறை நான்கு நிமிடமும் வாசித்தாய். பாதியில் அடியை மாற்றினாய். மனீத்தால் பிடிக்க முடியாமல் நிறுத்திவிட்டான். நீ நிறுத்தவில்லை. தனியாகப் போய், எங்கேயோ சுற்றி, பழைய அடிக்கே திரும்பி வந்து அவனைப் பார்த்தாய், அவன் சேர்ந்துகொண்டான். முடிந்ததும் உன் மேலுதட்டில் வியர்வை, அந்தக் குளிரில். மறுபடி காய்ச்சிக்கொண்டு வருகிறேன் என்று மேலே போனாய்.

நீ இல்லாத அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் நடந்தது. பதிவு செய்பவர், வேகம் ஏறி ஏறி இறங்குகிறது, சுருதியும் கடைசியில் இறங்கிவிட்டது, இதன்மேல் கிட்டாரை அடுக்க முடியாது என்றார். ஆரம்பத்தில் தோல் நல்ல சூட்டில் இருந்தபோது வாசித்த எட்டு விநாடியை வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஒட்டிவிடலாம் என்றார். போட்டுக் காட்டினார். இரும்பு மாதிரி கச்சிதமாக இருந்தது. கம்ப்யூட்டரில் இடம் குறைவு, முழுசை அழித்துவிடட்டுமா என்று கேட்டார். மனீத் என்னைப் பார்த்தான். உன்னைக் கூட்டி வந்தவள் நான் என்பதால் பார்த்திருப்பான்.

நான் "அச்சா" என்றேன்.

நீ சூடான பறையைத் துப்பட்டாவில் அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாய். முடிந்துவிட்டது, இனி வேண்டாம் என்றார் அவர். நீ அவரைப் பார்க்காமல் என்னிடம் கேட்டாய்: "அப்ப இத எதுக்கு சூடு பண்ணிக்கினு வந்தேன்?"

கல்லூரி விழாவில் அந்த எட்டு விநாடியை ஓடவிட்டே மனீத் வாசித்தான். மேடைக்கு நீ தேவைப்படவில்லை. பின் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாய். நன்றாகத்தான் இருக்கிறது என்றாய். "ஆனா அவ மூச்சே வுடல பாரு" என்றாய், யாரோ ஒரு மூன்றாம் பெண்ணைப் பற்றிச் சொல்வது போல. என்னை நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒன்றே ஒன்று கேட்டாய். "முழுசா வாசிச்சது இருக்கில்ல? ஒரு காப்பி போட்டுக் குடுடி. எங்கம்மா ஒரு தடவ கேக்கணும். கேட்டுட்டுத் திட்டட்டும், பரவால்ல."

தேடித் தருகிறேன் என்றேன். அதற்குப் பிறகு நீ கேட்ட ஒவ்வொரு முறையும் அதையே சொன்னேன். அழித்துவிட்டோம் என்ற ஒரு வாக்கியம். எத்தனை புத்தகம் படித்திருக்கிறேன், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோடையில் உனக்கு மஞ்சள்காமாலை வந்தது. ஒன்பது நாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உன் கண்களின் மஞ்சளைப் பார்க்கப் பயந்து ஜன்னலைப் பார்த்துப் பேசினேன். அன்று நீ கேசட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காரியம் முடிந்து ஒரு வாரத்தில் ஆன்ட்டி ஆள் அனுப்பினார். மனீத்தோடு பதிவு செய்த பாட்டின் கேசட்டையும் டேப்ரிக்கார்டரையும் எடுத்துக்கொண்டு ஒரு மத்தியானம் கேம்ப்புக்குப் போனேன். "உங்கிட்ட பாட்டு இருக்குன்னு எம்பொண்ணு சொல்லிச்சு. போடு" என்றார். நீ வாசிப்பாய் என்று அவருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. போட்டேன். மனீத்தின் இரைச்சலை அவர் பொருட்படுத்தவே இல்லை; அதன் அடியில் உன்னை உடனே கண்டுபிடித்துவிட்டார். முகம் மலர்ந்தது. "அவங்கப்பா கை" என்றார். வேறு ஏதோ கேட்க நான் வாய் திறந்தபோது கையைத் தூக்கி அடக்கினார்.

"இரு. இப்ப மாத்துவா."

மாறவில்லை. எட்டு விநாடி, இன்னொரு எட்டு விநாடி. அவர் பறைக்காரர் வீட்டில் பிறந்து பறைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். அடி எங்கே மாற வேண்டும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அந்த இடம் நெருங்கும்போது அவர் தலை லேசாக முன்னால் வரும். பிறகு பின்னால் போகும். நான்கு நிமிடமும் இப்படியே. முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார். இரண்டாவது முறை முடிந்தபோது என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"மாத்தவே இல்லியே. அவளுக்கு மாத்த வராதா?"

உன்னிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். வரும் ஆன்ட்டி, மாத்தினா, ரொம்ப நல்லா மாத்தினா, நான்தான் அதை அழிக்கச் சொன்னேன் என்றேன். திட்டுவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நீ கேட்டியில்ல? எப்டி மாத்துனா, சொல்லு."

டேப்ரிக்கார்டரின் மூடியில் விரலால் அடித்துப் பார்த்தேன். வரவில்லை. உன் வியர்வை நினைவிருக்கிறது, மனீத்தின் கை கிட்டாரிலிருந்து விலகியது நினைவிருக்கிறது. அடி நினைவில்லை.

இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ஆன்ட்டி வேலை முடித்து வந்ததும் ஓர் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொள்கிறார். உன்னைப் பறையைத் தொடவிடாதவர், தனக்குத் தெரிந்த அடிகளையெல்லாம் ஒவ்வொன்றாக அடித்துக் காட்டுகிறார். "இப்டியா?" இல்லை ஆன்ட்டி. "இப்டியா?" இல்லை. என்னால் திரும்ப அடிக்க முடியாத ஒன்றை, அது இதுவல்ல என்று மட்டும் எப்படியோ சொல்ல முடிகிறது. ஆமாம், இதுதான் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அவர் நிம்மதியாகத் தூங்குவார். போன மாதம் ஒன்று அடித்தார், அழகாக இருந்தது. கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவில்லை. ஆமாம் என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது.

அது நீ வாசித்தது இல்லை. இல்லை ஆன்ட்டி என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்ததை ஆரம்பித்தார்.